அறுபத்து மூன்று

கேட்டதும் சிரித்தார் கறிக்கடைச் சின்னப்பன்.
"முதுகுத்தண்டுக்கு உள்பக்கம்
ஒட்டிக்கிட்டு நீளமாக் கிடக்குமே, அதுவா?
துளிக் கொழுப்பு இருக்காதே தங்கச்சி,
அதை யார் தனியாக் கேக்கறா?"

ஒரு பன்றிக்கு இரண்டுதான்.
முழங்கை நீளம், மணிக்கட்டுத் தடிமன்.
நடக்க, எழ, எதற்கும் உழைக்காத தசை,
அதனால்தான் அவ்வளவு மெத்து என்று
போனில் பார்த்துச் சொல்லியிருந்தான் லூர்து.
உழைக்காத என்ற இடத்தில் மட்டும்
குரல் கொஞ்சம் இடறியது.

மந்தார இலையில் சுற்றி, மடியில் வைத்து
எலத்தகிரியிலிருந்து ஓசூர் வரை பஸ்ஸில் வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி பூ என்று நினைத்திருப்பாள்.
என் ஸ்வெட்டரில் ரோஜாக் கம்பெனியின் பெயர்.

மிளகு, மல்லி, சோம்பு, காய்ந்த மிளகாய்
வறுத்து, கரகரவென்று இடித்து,
கல்லுப்பு, பூண்டு,
நெல்லிக்காய் அளவு பாலக்கோட்டு வெல்லம்.
அவனே தேய்த்தான்.
இருபது நாளாக ரிமோட்டைத் தவிர
எதையும் அழுத்திப் பிடிக்காத கை
விரல் இடுக்கெல்லாம் சிவக்கச் சிவக்கத் தேய்த்தது.
போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

பதினோரு வருடம் உலையடியில் நின்றவன்.
பல்சக்கரங்களை எண்ணூற்று அறுபதில் பழுக்க வைத்து
எண்ணெயில் இறக்குகிற வேலை.
நான் ரோஜாக்களை
நான்கு டிகிரியில் அடுக்குகிறவள்.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
மத்திகிரியில், மாடியறையில்,
எங்கள் வீடு இருந்தது.

பாதியாய் அறுத்த டிரம்மில்
மாங்கட்டைக் கரி.
மேலே வைத்த கம்பித் தட்டு
அந்த உலைக் கூடையின் அடித்தட்டேதான்.
கடைசி நாளன்று பி.எஃப். காகிதங்களோடு
கேட்டு வாங்கி வந்தான்.
மூன்று முறை தேய்த்துக் கழுவினேன்;
நான்காவது முறை அவன் கழுவினான்.

அத்தைக்கு எதுவும் தெரியாது.
கேழ்வரகு மாவோடு காலை பஸ்ஸில் வந்திறங்கி,
மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது
இயல்புதானே என்று உட்கார்ந்திருந்தாள்.
நாத்தனார் பிலோமினா, அவள் வீட்டுக்காரர்,
எங்கள் ஜெரோமி,
எல்லோரும் மொட்டை மாடியில்,
மார்கழிக் குளிரில்,
காதைச் சுற்றித் துண்டு.

"கரியைப் போட்டுட்டு
ஏன்டா குச்சியைக் குத்திக்கிட்டு நிக்கறே?"
"சூடு பாக்கறேம்மா."
நாற்பத்தொன்று. ஐம்பது.
புகை கீழ்வீட்டு ஜன்னலுக்குப் போனது;
ஜன்னல் மூடிக்கொண்டது.
ஐம்பத்தெட்டு. திருப்பினான்.
வெல்லம் கருகும் ஓரத்தில்
ஜெரோமியின் மூக்கு.
"அறுபத்து மூணு!"
ஷிஃப்ட் மாறும்போது கூவுகிற குரல் அது.
பல நாளாய்க் கேட்காத குரல்.

வாழையிலையில் எடுத்து வைத்து
தட்டால் மூடினான்.
"இப்ப என்ன?"
"பத்து நிமிஷம் சும்மா இருக்கணும்மா.
உடனே அறுத்தா சாறெல்லாம் வெளிய ஓடிடும்.
சும்மா இருந்தாத்தான் உள்ளயே தங்கும்."

அத்தை தட்டைப் பார்த்தாள்.
கம்பித் தட்டைப் பார்த்தாள்,
அதன் ஓரத்தில் பொறித்திருந்த கம்பெனி எண்ணை.
பிறகு அவனை.
"பத்து நிமிஷம்தானே" என்றாள்.
யாரும் பேசவில்லை.
கரி மட்டும் வெடித்தது.

அறுத்தபோது நடுவில் இளஞ்சிவப்பு.
"பச்சையா இருக்குடா!"
"வெந்திருச்சும்மா."
"உன் குச்சிக்கு வெந்திருக்கும்."
பாதியை அள்ளிக்கொண்டு கீழே போனாள்.
சட்டி கேட்டது. தேங்காய்க் கீற்று கேட்டது.
மீதிப் பாதியை நாங்கள்
விரல் சுடச் சுட நின்றபடியே தின்றோம்.
பிலோமினாவின் வீட்டுக்காரர் மூன்றாம் துண்டில்
கண்ணை மூடிக்கொண்டார்.

வறுவலும் களியுமாய்த் திரும்பி வந்தவள்
உருண்டையை அவன் தட்டில் வைத்துக்கொண்டே
என்னிடம் கேட்டாள்:
"நாளைக்கு டிபன் பாக்ஸ் எத்தனை கட்டணும்?"

நான் அவனைப் பார்த்தேன்.
அவன் களியைக் கிள்ளினான்.
"ரெண்டும்மா. இவளுக்கு, பையனுக்கு."

"ம்" என்றாள்.
"வெள்ளிக்கிழமை ஊருக்கு வா.
சின்னப்பனை நானே கேக்கறேன்.
கொழுப்போட."